மரபு நடை சேரித் தெருவுக்குத் திரும்புமா?

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டில் மரபு நடைகள் பெருகிவிட்டன. மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குன்றுகளுக்கு மக்களை அழைத்துச் சென்ற 'பசுமை நடை' பலருக்கு முன்மாதிரியாக இருந்தது. இன்று ஊருக்கு ஊர் தொல்லியல் ஆர்வலர்களும் பள்ளி ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்வெட்டையும் கோட்டையையும் தேடி நடக்கிறார்கள். வரலாறு பாடப்புத்தகத்தை விட்டு இறங்கித் தெருவுக்கு வருவது நல்ல விஷயம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் கேள்வி ஒன்றுதான்: எந்தத் தெருவுக்கு வருகிறது?

நான் வேலை செய்யும் நரிக்குடிப் பக்கத்தை வைத்தே இதைப் பேசலாம். விருதுநகர் மாவட்டத்தின் கிழக்கு ஓரம், திருச்சுழி வட்டம். மானாமதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகும் ரயில் பாதையில் ஒரு சிறிய நிலையம். வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் மிளகாயும் பருத்தியும். அதுவும் பொய்த்தால் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்க வேண்டும், இல்லையென்றால் வெளியூருக்குப் பிழைக்கப் போக வேண்டும். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தப் பக்கம் தெரிந்த ஊர்கள் இரண்டு. ஒன்று ரமண மகரிஷி பிறந்த திருச்சுழி. மற்றொன்று மருது சகோதரர்கள் பிறந்த முக்குளம். நரிக்குடியிலேயே மருதுபாண்டியர் பெயரைச் சொல்லும் பழைய சத்திரமும் இருக்கிறது.

ஆகவே இங்கே ஒரு மரபு நடை என்றால் அது 1801 போரைப் பற்றியதாகத்தான் இருக்கும். முக்குளத்தில் தொடங்கும், சத்திரத்தில் நின்று படம் எடுக்கும், சிறுவயல், காளையார்கோவில், திருப்பத்தூர் என்று வேனில் போய் முடியும். இந்த வழித்தடத்தில் அரண்மனை உண்டு, கோயில் உண்டு, தூக்குமேடை உண்டு. அந்தப் போரில் மண் சுமந்தவர்கள், காடு காத்தவர்கள், பெயரில்லாமல் செத்தவர்கள் ஆகியோரின் வாரிசுகள் இன்று வாழும் காலனி மட்டும் இருக்காது.

போரின் சுருக்கம்

தெரிந்த கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1772 ஜூனில் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைக் கும்பெனிப் படை கொன்றது. வேலுநாச்சியார் விருப்பாச்சிப் பக்கம் போய் ஹைதர் அலியின் உதவி பெற்று 1780இல் சிவகங்கையை மீட்டார். அவருடன் நின்ற மருது சகோதரர்கள் பிறகு சீமையின் அதிகாரத்துக்கு வந்தார்கள். 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார், இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பினார். அந்தக் கோட்டை மே மாதம் 24ஆம் தேதி விழுந்ததும் மருதுவிடம் தஞ்சம் புகுந்தார். அக்டோபர் 1இல் காளையார்கோவில் வீழ்ந்தது. அக்டோபர் 24இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802இல் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள்.

இடித்த கோட்டையைச் சில வாரங்களில் மறுபடி எழுப்பினார்கள் என்று எல்லாப் புத்தகமும் வியக்கிறது. எழுப்பியது யார் என்று கேட்டுப் பாருங்கள். ஊமைத்துரை என்று பதில் வரும். ஊமைத்துரை கட்டளையிட்டிருப்பார். மண் வெட்டி, குழைத்து, சுமந்து, சுவர் வைத்தது ஆயிரக்கணக்கான கைகள். இந்தச் சீமையில் மண் வேலை யார் தலையில் கட்டப்பட்டிருந்தது என்பதற்குத் தனி ஆராய்ச்சி வேண்டாம். கண்மாய்க் கரை உடைந்தால் இன்றும் முதலில் யாரைத் தேடி ஆள் வருகிறது என்று பார்த்தால் போதும்.

அழைப்பில் இல்லாத பெயர்

1801 ஜூன் 16இல் சின்ன மருது வெளியிட்ட அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டிருந்தது. ஜம்புத்தீவுப் பிரகடனம் என்று அதைக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். 1857க்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, ஒரு பாளையத்தின் எல்லையைத் தாண்டி, பல சாதி, பல மத மக்களை ஒன்றுசேர்ந்து வெள்ளையரை விரட்டக் கூப்பிட்ட அறிக்கை அது. கும்பெனியிடம் சம்பளம் வாங்கும் சிப்பாய்களையும் சுபேதார்களையும்கூட அது அழைத்தது.

ஆனால் யாரையெல்லாம் பெயர் சொல்லி அழைத்தது என்று பாருங்கள். பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான்கள். நான்கு வருணமும் இசுலாமியரும் வந்துவிட்டார்கள். வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்தப் பட்டியலில் தனி இடம் இல்லை. மீசை வைத்த எல்லோரும் வாருங்கள் என்றும் அந்த அறிக்கை கூப்பிடுகிறது. மீசை வைத்த ஆண் என்றால் ஆயுதம் ஏந்தத் தகுதியானவன் என்று அந்தக் காலத்து அர்த்தம். மீசையை முறுக்கினான் என்பதற்காகவே நம் பிள்ளைகளை அடித்த ஊர்கள் இந்த நாட்டில் உண்டு. அந்த ஊர்க்காரன் இந்த வரியைப் படிக்கும்போது என்ன நினைப்பான்?

இதைச் சொல்வது மருதுவைச் சிறுமைப்படுத்த அல்ல. 1801இல் ஒரு சீமையின் அதிகாரி எழுதிய அறிக்கையில் 1950இன் அரசியலமைப்புச் சட்டத்தைத் தேட முடியாது. அந்த அறிக்கையை 'சாதி கடந்த அழைப்பு' என்று மட்டும் விளக்கிவிட்டு அடுத்த இடத்துக்கு நகரும் வழிகாட்டி பாதி உண்மையைத்தான் சொல்கிறார் என்பதே என் வாதம். பட்டியலில் பெயர் இல்லாதவர்களும் அந்தப் போரில் இருந்தார்கள். அழைப்பில்லாமல் வந்தவர்களின் தியாகத்துக்கு இன்னும் கூடுதல் கனம் உண்டு.

பெயர் தெரியாத தாயும் காடு வெட்டியவர்களும்

கும்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி பல ஆண்டுகள் கழித்துத் தன் போர் நினைவுகளைப் புத்தகமாக எழுதினார். சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் தான் கற்றதை எழுதியவர் அவர்தான். பாஞ்சாலங்குறிச்சி விழுந்த நாளைப் பற்றி அதில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. பிணக்குவியலுக்குள் பக்கத்து ஊர்ப் பெண்கள் தங்கள் ஆட்களைத் தேடுகிறார்கள். ஒரு தாய் உயிர் ஊசலாடும் தன் மகனைக் கண்டுபிடிக்கிறாள். அவன் தன்னை விட்டுவிட்டு, பக்கத்தில் காயத்தோடு கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்றச் சொல்கிறான். பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எட்டயபுரத்து ஆட்கள் வரும்போது, அவர் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி, அம்மை கண்டு இறந்துபோனவர் என்று ஒப்பாரி வைத்து ஏமாற்றுகிறார்கள்.

அந்தத் தாய் மட்டும் மகனின் சொல்லைத் தட்டியிருந்தால் மே மாதத்தோடு ஊமைத்துரை கதை முடிந்திருக்கும், சிவகங்கைப் போரின் போக்கே மாறியிருக்கும். அவள் பெயர் வெல்ஷ் எழுதியதில் இல்லை. மகன் பெயரும் இல்லை. அவர்கள் என்ன சாதி என்று ஊகிக்க நான் தயாராக இல்லை. எந்தச் சாதியாக இருந்தாலும் ஏழைக் குடியானவள், போரின் திருப்புமுனையைத் தன் தோளில் சுமந்தவள். அவளுக்கு இந்த மண்ணில் ஒரு கல்கூட இல்லை.

கதையின் மறுபக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1801 ஆகஸ்டில் சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போடக் கும்பெனி முயன்றது. மருதுவின் ஆட்கள் இரவும் பகலும் தாக்கினார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் வெட்டியும் பாதை முடியவில்லை, படை பின்வாங்கியது. அந்தக் காட்டை வெட்டியது ஆங்கிலேயத் துரைமார்கள் அல்ல. கும்பெனியின் பயனீர் படையினரும் கூலிகளும்தான். சென்னை மாகாணத்துப் பயனீர் படையிலும் அதன் வழிவந்த சேப்பர்ஸ் படையிலும் பறையர்கள் திரளாக இருந்தார்கள் என்பது அறிந்த செய்தி. ஆக, காட்டின் இரண்டு பக்கத்திலும் நம் ஆட்கள் நின்றிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பக்கம் கோடாரி, மறுபக்கம் வேல். கும்பெனிப் பக்கம் போனவர்களைத் துரோகி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். மாதச் சம்பளமும் காலில் செருப்பும் முதல்முதலாக எங்கே கிடைத்தது என்று கேட்டால் அந்தச் சொல் தொண்டையில் நிற்கும்.

வாய்மொழியில் வாழ்கிறவர்கள்

ஆவணம் மறந்தவர்களை மக்கள் மறக்கவில்லை. புலித்தேவன் படையில் ஒண்டிவீரன், வெண்ணிக் காலாடி. கட்டபொம்மன் படையில் கவர்னகிரி சுந்தரலிங்கம், அவரோடு கும்பெனியின் வெடிமருந்துக் கிடங்கில் பாய்ந்ததாகச் சொல்லப்படும் வடிவு. வேலுநாச்சியாரின் படையில் தன் உடலில் தீ வைத்து ஆயுதக் கிடங்கில் குதித்த குயிலி. நாச்சியார் போன திசையைக் காட்டிக்கொடுக்க மறுத்து வெட்டுப்பட்ட உடையாள். இந்தப் பெயர்களைக் கதையாகவும் கும்மியாகவும் சாமியாகவும் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் அடித்தள மக்கள்.

அரசும் பிறகு வந்து சேர்ந்தது. ஒண்டிவீரனுக்குப் பாளையங்கோட்டையில் மணிமண்டபம், 2022இல் அஞ்சல் தலை. சுந்தரலிங்கத்துக்குக் கவர்னகிரியில் மணிமண்டபம். சிவகங்கையில் வேலுநாச்சியார் நினைவிடத்தில் குயிலிக்கு நினைவுத்தூண். இவை சும்மா கிடைத்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஆண்டுக்கணக்கில் மனுவும் மறியலும் இருக்கின்றன.

இதில் நாம் நேர்மையாகப் பேச வேண்டிய ஒன்றும் உண்டு. வாய்மொழி வரலாற்றுக்குத் தனி மதிப்பு இருக்கிறது. அதைக் கல்வெட்டுப் போல் நடிக்கவைக்கத் தேவையில்லை. குயிலியின் கதை நமக்கு வாய்மொழியாகவே வந்தது. அவரை அருந்ததியர் என்று சிலரும், பறையர் என்று சிலரும், வேறு சாதி என்று சிலரும் உரிமை கொண்டாடுகிறார்கள். போட்டி போட்டுக்கொண்டு பிறந்த தேதியும் தகப்பன் பெயரும் சேர்த்துச் சுவரொட்டி அடிக்கிறார்கள். கும்பெனியின் ஆவணத்தில் இருந்தால்தான் வரலாறு என்ற ஆதிக்கப் பார்வைக்கு நாமே பணிந்து, இல்லாத ஆவணத்தை உருவாக்குவதாகத்தான் இது முடியும். 'எங்கள் பாட்டிகள் இருநூறு வருடம் இந்தப் பெயரைச் சொல்லி வந்திருக்கிறார்கள், ஏன் சொன்னார்கள் என்று யோசியுங்கள்' என்று நிமிர்ந்து சொல்வதே போதும். ஒரு சமூகம் யாரை நினைவில் வைத்துக்கொள்ளத் தேர்ந்தெடுக்கிறது என்பதும் சமூகவியலில் ஆதாரம்தான்.

பேருந்தில் ஏறிய பெயர்

பெயர் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு எங்கள் மாவட்டமே பதில் வைத்திருக்கிறது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு புதிய அரசுப் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. அதற்கு அன்றைய திமுக அரசு வைத்த பெயர் வீரன் சுந்தரலிங்கம்.

அதற்கு முன் பல ஆண்டுகளாகத் திருநெல்வேலிப் பக்கம் கட்டபொம்மன் பெயரில் பேருந்துகள் ஓடின. காரைக்குடிப் பக்கம் மருதுபாண்டியர் பெயரில் ஓடின. எல்லாச் சாதியினரும் ஏறினார்கள், இறங்கினார்கள், படியில் தொங்கினார்கள். யாருக்கும் எந்த மனக்கஷ்டமும் இல்லை. கட்டபொம்மனின் தளபதியின் பெயர் வந்தபோதுதான் பிரச்சினை வந்தது. ஒரு தலித்தின் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள். பேருந்துகள் மீது கல் விழுந்தது. விருதுநகர் மாவட்டத்தில் பற்றிய தீ தென் மாவட்டங்களுக்குப் பரவியது. உயிர்கள் போயின, குடிசைகள் எரிந்தன.

அரசு எடுத்த முடிவு என்ன? சுந்தரலிங்கத்தின் பெயரை மட்டும் எடுத்தால் அநியாயம் வெளிப்படையாகத் தெரியும். அதனால் அந்த ஆண்டு ஜூலையில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை மொத்தமாக நீக்கிவிட்டது. எங்கள் காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது இப்படித்தான். கட்டபொம்மன், மருது, சேரன், சோழன், பாண்டியன் எல்லோரும் ஒரே நாளில் பேருந்தை விட்டு இறங்கினார்கள். ஒரு தலித் வீரன் ஏறினான் என்பதற்காக மன்னர்கள் எல்லோரையும் இறக்கிவிட்ட வரலாறு உலகத்தில் வேறெங்காவது இருக்குமா தெரியவில்லை.

இன்று முப்பது வயதுக்குக் கீழே இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது தெரியாது. 1799ஐப் பேசும் மரபு நடை 1997ஐப் பேசாவிட்டால், 1799ஐயும் புரியவைக்க முடியாது. சுந்தரலிங்கம் ஏன் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக்கூட நமக்கு வந்து சேரவில்லை என்பதற்கான விடை 1997இல்தான் இருக்கிறது.

கல்லில் எழுதியவர்கள், எழுதாதவர்கள்

மராட்டியத்தில் பீமா கோரேகாவ் நினைவுத்தூண் இருக்கிறது. 1818 ஜனவரி 1இல் பேஷ்வா படைக்கு எதிராகக் கும்பெனிக்காகப் போரிட்டு இறந்த வீரர்களின் பெயர்கள் அதில் வெட்டப்பட்டுள்ளன. அவர்களில் இருபத்திரண்டு பேர் மகர்கள். 1927இல் அம்பேத்கர் அங்கே போனார். இன்று ஒவ்வொரு ஆண்டும் லட்சக்கணக்கானோர் போகிறார்கள். அவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்ற விவாதம் தனி. தன் படையில் செத்தவன் பெயரை அந்நியக் கும்பெனி கல்லில் வெட்டி வைத்தது. அதனால் நூறு ஆண்டு கழித்து ஒரு பேரன் வந்து தன் பாட்டன் பெயரைத் தடவிப் பார்க்க முடிந்தது. நம் பாளையங்கள் தங்களுக்காகச் செத்த பள்ளர், பறையர், சக்கிலியர் பெயரைக் கல்லில் வெட்டவில்லை. சுதந்திரப் போர் என்று நாம் பெருமைப்படும் பக்கம்தான் நம் பெயரை எழுதாமல் விட்டது. இந்தக் கசப்பை விழுங்காமல் வரலாறு பேச முடியாது.

இந்த மறதி நமக்கு மட்டும் உரியதும் அல்ல. நாஜி ஜெர்மனி நெதர்லாந்தை ஆக்கிரமித்தபோது, டச்சுக் குடியேற்ற நாடுகளிலிருந்து வந்தவர்களும் தலைமறைவு எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார்கள். சூரினாமில் அடிமைகளின் பேரனாகப் பிறந்த ஆன்டன் டி கோம் தலைமறைவுப் பத்திரிகைகளில் எழுதினார். 1944இல் கைதாகி, 1945 ஏப்ரலில் முகாமில் இறந்தார். இந்தோனேசிய மாணவர் இராவன் சூஜோனோ, துண்டறிக்கை அச்சடிக்கும் இயந்திரத்தைக் கொண்டு போகும்போது 1945 ஜனவரியில் லெய்டன் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே நெதர்லாந்து, விடுதலை பெற்ற கையோடு இந்தோனேசியாவை மறுபடி பிடிக்கப் படை அனுப்பியது. தன் விடுதலைக்காகச் செத்த கறுப்பு, பழுப்பு மனிதர்களை அந்த நாடு வெகுகாலம் கண்டுகொள்ளவில்லை. இன்று டி கோம் பெயரில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சதுக்கம் இருக்கிறது, சூஜோனோ பெயரில் ஒரு தெரு இருக்கிறது. அதே நகரில் 2013 முதல் ஜெனிஃபர் டாஷ் என்ற பெண் கறுப்பின மரபுச் சுற்றுலா நடத்துகிறார். கால்வாய் ஓரத்து மாளிகைகளின் முகப்பில் ஒளிந்திருக்கும் ஆப்பிரிக்க முகங்களைக் காட்டி, இந்த வீடு யார் ரத்தத்தில் கட்டியது என்று கேட்க வைக்கிறார். இதில் நாம் கவனிக்க வேண்டியது, வழிகாட்டியே மறக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல் என்பதுதான்.

சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்

எங்கள் இராமநாதபுரச் சீமையிலிருந்து பஞ்சம் பிழைக்கப் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறியவர்கள் ஏராளம். மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்குப் போன தமிழ்க் கூலிகளில் பெரும்பங்கு ஒடுக்கப்பட்ட சாதியினர். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941இல், போருக்கு ரப்பர் தேவைப்பட்ட நேரத்தில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று கேட்டார்கள். அரசு படையை இறக்கியது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களுக்காகப் பேசிய ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

பிறகு நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெருந்திரளாகச் சேர்ந்தவர்களும், ஜான்சி ராணி படையில் துப்பாக்கி ஏந்திய பெண்களில் பலரும் இதே தோட்டத்துத் தமிழர்கள்தான். சிங்கப்பூர் எஸ்பிளனேடில் 1945இல் எழுப்பி, அதே ஆண்டு ஆங்கிலேயர் இடித்த அந்த ராணுவத்தின் நினைவுச் சின்னம் இருந்த இடத்தில் இன்று ஓர் அடையாளப் பலகை இருக்கிறது. நடைச் சுற்றுலா போகிறவர்கள் நின்று படிக்கிறார்கள். அங்கே நிற்கும் தமிழர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். துரை முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்று கிள்ளானில் சொன்னவன், அந்த வழக்கத்தை முதலில் தன் சொந்த ஊரில்தான் பார்த்திருப்பான். அவன் ஊரில் இறங்கச் சொன்னவன் துரை அல்ல.

எந்தத் தெரு வழியாக?

இப்போது நரிக்குடிக்குத் திரும்புவோம். இங்குள்ள ஒரு காலனியில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் முக்குளம் வரை ஒரு வரலாற்று நடை போகலாமா என்று பேசிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கு ஒரே உற்சாகம். திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார்: "நடக்குறது கெடக்கட்டும் தாயி. எந்தத் தெரு வழியாக் கூட்டிட்டுப் போகப் போறிக?"

நகரத்தில் மரபு நடை ஏற்பாடு செய்கிறவர்களுக்கு வராத கேள்வி இது. பொதுத் தெருவில் நடக்கும் உரிமைக்காக இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். பொதுச் சாலை, கிணறு, குளம் எதிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்று அது நிறைவேறியது. நூறு ஆண்டு தாண்டிவிட்டது. செருப்புப் போட்டு, சைக்கிள் மிதித்து, ஊர்த் தெரு வழியாகப் போவதற்கு முன் ஒரு நொடி யோசிக்கிற பழக்கம் பல இடங்களில் இன்னும் போகவில்லை. நரிக்குடிக்கு வடக்கே சிவகங்கை மாவட்டத்துக் கச்சநத்தத்தில் 2018 மே 28 இரவு நடந்த தாக்குதலில் மூன்று தலித்துகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஆதிக்க சாதியினர் முன்னால் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்ததும் அந்தப் பகையில் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. 2022இல் சிவகங்கை நீதிமன்றம் இருபத்தேழு பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. உட்காருவதற்கே இந்த விலை என்றால் நடப்பதற்கு என்ன விலை என்று பெரியவர் கணக்குப் போடுவதில் தவறில்லை.

நம் மக்கள் நடக்காமலும் இல்லை. ஒவ்வொரு செப்டம்பர் 11ஆம் தேதியும் பரமக்குடியில் இமானுவேல் சேகரனின் நினைவிடத்துக்கு வேனிலும் நடையாகவும் போகிறோம். 1942 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் சிறை சென்றவர் அவர். பிறகு ராணுவத்தில் பணியாற்றினார். ஊர் திரும்பி, தீண்டாமைக்கு எதிராக நின்றதற்காக 1957இல் கொல்லப்பட்டார். வெள்ளையனை எதிர்த்தபோது மூன்று மாதச் சிறை, சாதியை எதிர்த்தபோது சாவு. இந்திய அரசு 2010இல் அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. அடுத்த ஆண்டே, 2011 செப்டம்பர் 11இல், அவர் நினைவு நாளன்று பரமக்குடியில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டிலும் தடியடியிலும் ஆறு தலித்துகள் உயிரிழந்தார்கள்.

செப்டம்பரில் பரமக்குடி, அக்டோபர் 27இல் காளையார்கோவில், அக்டோபர் 30இல் பசும்பொன். எங்கள் பகுதியில் நினைவுகூரும் மாதங்கள் எல்லாம் தடை உத்தரவு மாதங்கள். எந்த வண்டி எந்த வழியில் போக வேண்டும் என்று காவல்துறை வரைபடம் போட்டுக் கொடுக்கிறது. மரபு நடை என்ற பெயர் வருவதற்கு முன்பே இங்கே நினைவுக்கு ஒரு வழித்தடம் உண்டு. அதை வகுப்பது சாதியும் காவல்துறையும்.

நடை எப்படி இருக்க வேண்டும்

இதனால் நடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நடக்க வேண்டும். இன்னும் நிறைய நடக்க வேண்டும். என் கோரிக்கைகள் நான்கு.

முதலாவது, நடை காலனியிலிருந்து தொடங்க வேண்டும். சத்திரத்தில் தொடங்கி, நேரமிருந்தால் காலனியை எட்டிப் பார்ப்பதாக இருக்கக் கூடாது. காலனிப் பிள்ளை வழிகாட்டியாக முன்னால் நடக்க வேண்டும். மருதுவின் கதையையும் அவளே சொல்லட்டும். அது அவளுடைய வரலாறும்தான்.

இரண்டாவது, எது ஆவணம், எது வாய்மொழி என்பதை ஒவ்வொரு இடத்திலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வெல்ஷ் எழுதியது இது, எங்கள் பாட்டி சொன்னது இது என்று பிரித்துச் சொன்னால் இரண்டுக்கும் மரியாதை கூடும். பெயர் தெரியாத இடத்தில் 'பெயர் எழுதப்படவில்லை' என்று சொல்லி ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பாஞ்சாலங்குறிச்சித் தாய்க்காக நிற்கும் அந்த ஒரு நிமிடம், இல்லாத பிறந்த நாளுக்கு வெட்டும் கேக்கைவிட மேலானது.

மூன்றாவது, வீரம் என்றால் வாள் பிடித்தவன் மட்டும்தானா என்று கேட்க வேண்டும். கோட்டைச் சுவருக்கு மண் சுமந்தவர், காட்டு வழி காட்டியவர், காயம்பட்டவரைத் தூக்கிப் போனவர், ஒப்பாரி வைத்து எதிரியை ஏமாற்றியவர் எல்லோரும் அந்தப் போரில் இருந்தவர்கள்தான். கும்பெனிக்காகக் காடு வெட்டியவரையும் மறைக்காமல், அவர் ஏன் அங்கே போனார் என்று பேச வேண்டும்.

நான்காவது, நடை 1801இல் நின்றுவிடக் கூடாது. 1924, 1957, 1997, 2011, 2018 ஆகிய ஆண்டுகளும் இதே வழியில்தான் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிக் குதித்துத் தூக்குமேடைக்கு மட்டும் போனால், அது வரலாறாக இருக்காது, சுற்றுலாவாகத்தான் இருக்கும்.

உங்கள் ஊரில் யாராவது விடுதலைப் போர் நடந்த மண்ணில் ஒரு மரபு நடை என்று அழைப்பு அனுப்பினால், மகிழ்ச்சியோடு போங்கள். பெயர் கொடுக்கும் முன் ஏற்பாட்டாளரிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: வழித்தடத்தில் காலனி இருக்கிறதா? இருந்தால், அது நிற்கும் இடமா, கடந்து போகும் இடமா? இல்லை என்று பதில் வந்தால், எங்கள் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள். வந்து வழிகாட்டச் சொல்லிக் கூப்பிடுங்கள்.